மாநாட்டு மேடையில நடந்தது, இன்னும் மனசுல ஓடுது: ஆங்கில ஆசிரியர்கள் எழுதுங்க

நீடாமங்கலம் டீச்சர்

எல்லாரும் ஏதாவது ஒரு கருத்தரங்குல பேப்பர் வாசிச்சிருப்பீங்க. அப்ஸ்ட்ராக்ட், ஓ.டி., ரிஜிஸ்ட்ரேஷன், கழுத்துல அட்டை, இதெல்லாம் எழுத வேணாம். ராத்திரி படுத்தா இன்னும் கண்ணுக்குள்ள வர்ற அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எழுதுங்க. என்னோடதை முதல்ல சொல்லிடுறேன்.

2023 மார்ச். தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரி. பேரலல் செஷன்ல எனக்குப் பத்து நிமிஷம். தாய்மொழித் தாக்கத்தால ஆங்கிலத்துல வர்ற பிழைகள்ங்கறது தலைப்பு. நாலாவது ஸ்லைடுல எங்க ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தியோட நோட்டுப் பக்கம். அந்தப் பிப்ரவரி மொத வாரத்து மழை யாருக்கும் மறந்திருக்காது. அறுப்புக்கு நின்ன சம்பா அப்படியே சாஞ்சு தண்ணியில கெடந்துச்சு. அந்த வாரம்தான் வகுப்புல, 'எஸ்டர்டே'ன்னு ஆரம்பிச்சு ரெண்டு வரி எழுதுங்கன்னு சொல்லியிருந்தேன். அவ எழுதினது இது: 'எஸ்டர்டே நைட் அவர் ரைஸ் இஸ் ஸ்லீப் இன் வாட்டர். ஃபாதர் நாட் ஸ்லீப்.'

பயிர் படுத்துருச்சுன்னு சொல்றோம்ல, அதைத்தான் தனக்குத் தெரிஞ்ச சொல்லை வச்சு எழுதியிருந்தா. நான் அந்த 'இஸ் ஸ்லீப்' மேல சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்துல 'டென்ஸ் எர்ரர்'னு தட்டி வச்சிருந்தேன்.

மொத வரியை வாசிச்சேன். முன்வரிசையில ஒருத்தர் சிரிச்சார். அது பின்வரிசை வரைக்கும் போச்சு. நானும் சிரிச்சேன், அதை மறைக்க மாட்டேன். சிரிப்பு ஓயறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. ரெண்டாவது வரியை நான் வாசிக்கவே இல்லை. 'ஃபாதர் நாட் ஸ்லீப்' யார் காதுலயும் விழலை.

ஸ்க்ரீனை நிமிர்ந்து பாத்தேன். நோட்டுல சின்னதாத் தெரிஞ்சது அங்க ஆளுயரத்துக்கு நின்னுச்சு. 'ஸ்லீப்'ல கடைசி எழுத்தை இடது வலது மாத்தி எழுதி, அழிச்சு, மறுபடி எழுதி, தாள் நைஞ்சு சின்ன ஓட்டை விழுந்திருந்துச்சு. பக்கத்தோட கீழ்முனை ஈரத்துல ஊறிக் காஞ்சு சுருங்கியிருந்துச்சு. வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்திருக்கு போல. திருத்தும்போது இதெல்லாம் என் கண்ணுல படவே இல்லை, வட்டம் போடுற இடம்தான் பட்டுச்சு.

இன்னொண்ணும் உறுத்துது. நெல்லுக்கும் அவ 'ரைஸ்'னுதான் எழுதியிருந்தா. வயக்காட்டுக்கு நடுவுல இருக்கற பள்ளிக்கூடத்துல ஆறு வருஷமா ஆங்கிலம் எடுக்கறேன். 'பேடி'ங்கற சொல்லை ஒரு நாள்கூட போர்டுல எழுதினதில்லை.

தஞ்சை மேலவீதி

டீச்சர், படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

நான் தொடக்கப்பள்ளி, மூணாம் வகுப்பு. எங்க வீட்டுல பேசுறது தஞ்சாவூர் மராத்தி. போன வருஷம் ஒரு கருத்தரங்குல டெமோ கொடுக்கச் சொன்னாங்க. டி.பி.ஆர்., அதாவது டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ் எடுத்துக்கிட்டேன். ஜேம்ஸ் ஆஷர் வகுத்த முறைதான், டீச்சர் கட்டளை சொல்லணும், புள்ளைங்க வாயைத் திறக்காம உடம்பால செஞ்சு காட்டணும். ஆஷரே ஆரம்பத்துல ஜப்பானிய மொழி, ரஷ்ய மொழின்னு ஆளுங்களுக்குத் தெரியாத மொழியை வச்சுத்தான் சோதிச்சுப் பாத்திருக்கார். அதனால நானும் ஆங்கிலத்தைத் தொடலை. வந்திருந்த பேராசிரியர்களுக்கு அஞ்சு நிமிஷம் மராத்தியில வகுப்பு எடுத்தேன். எழுந்திரு, உக்காரு, கதவைப் பாரு, மூக்கைத் தொடு. அவ்வளவுதான்.

மூணாவது வரிசையில தலை நரைச்ச ஒரு பேராசிரியர். நான் கட்டளை சொன்னதும் அவர் என்னைப் பாக்கலை. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்திருக்காரான்னு ஓரக்கண்ணால பாத்துட்டு, அரை நொடி தள்ளி எழுந்திருச்சார். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அந்தப் பார்வையை நான் தினம் பாக்கறேன். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புல அரும்பு நிலையில, அதாவது ஆரம்ப நிலையில, ஒரு பையன் இருக்கான், அச்சு அசல் அவனோட பார்வை. அவனுக்குப் புரியுதுன்னு நான் ரெண்டு மாசமா நினைச்சுக்கிட்டிருந்தேன். அவன் பக்கத்துல இருக்கறவனைப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

முடிஞ்சதும் அந்தப் பேராசிரியரே வந்தார். "நான் உங்களைப் பாக்காம பக்கத்து ஆளைப் பாத்தேன்மா, கவனிச்சீங்களா? ஒரு குழந்தை அதை எப்ப நிறுத்தும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. இப்பவும் தெரியலை. மறுநாள் பள்ளிக்குப் போய் அந்தப் பையனைத் தனியா என் மேசைகிட்ட கூப்பிட்டு, "டச் தி டோர்"னு சொன்னேன். நின்ன இடத்துலயே நின்னான். கைவிரலை மட்டும் மடக்கி மடக்கி விரிச்சான்.

பேரளம் பட்டதாரி ஆசிரியர்

என் கதை சுருக்கம். மயிலாடுதுறை - திருவாரூர் ரயில் நேர அட்டவணையைச் சார்ட்டுல எழுதி வச்சு எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினதைப் பேப்பரா எழுதிக்கிட்டுப் போனேன். நன்னிலத்துல இருக்கற பாட்டி மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, பேரன் பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள வீடு திரும்பணும், எந்த வண்டியில போய் எந்த வண்டியில வரணும், இதுதான் வேலை. பசங்க குழுவா உக்காந்து தமிழ்ல சண்டை போட்டுக்கிட்டாங்க. பூந்தோட்டத்துல கிராசிங் போட்டா லேட்டாகும் சார்னு ஒருத்தன் அட்டவணையில இல்லாததை எல்லாம் சேத்துக்கிட்டான். விடையை ஆங்கிலத்துல சொன்னாங்க. யோசனை என்னோடதில்லை, ஒரு வேலையைக் கொடுத்து அதைச் செய்யறது வழியா மொழியைக் கத்துக்க வைக்கற, என்.எஸ். பிரபு சாரோட பெங்களூரு திட்டம், 1979ல ஆரம்பிச்சது, நம்ம கடலூர் வரைக்கும் வகுப்பு நடந்திருக்கு.

அமர்வுக்குத் தலைமையா சேர்ல இருந்தவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "நல்லாயிருக்கு. இதுல கிராமர் எங்க?"ன்னார். சபையில எல்லாரும் என்னையே பாத்தாங்க. 'ஷீ ஷுட் லீவ் பிஃபோர் டென்'னு அந்தப் பையன் சொன்னானே, அதுல இல்லாத கிராமரா? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "இனிமே சேத்துக்கறேன் சார்"னு சொல்லிட்டு இறங்கிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கறேன்.

வலங்கைமான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

சகோதரி நீடாமங்கலம் ஆசிரியைக்கு, தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் பிழை பிழைதான். 'இஸ் ஸ்லீப்' என்று எழுதுகிற பிள்ளையை அப்படியே விட்டுவிட்டால் பத்தாம் வகுப்பிலும் அப்படியேதான் எழுதும். சிவப்பு வட்டம் போட்டதில் தங்கள்மேல் குற்றமில்லை. அதை மேடையில் காட்டியதைப் பற்றி வேண்டுமானால் யோசிக்கலாம்.

பேரளம் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் பிள்ளைகளைத் தமிழில் சண்டை போட விட்டால் அது எப்படி ஆங்கில வகுப்பு ஆகும்? பெங்களூருவில் 1963இல் தொடங்கிய தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தில் முப்பது நாள் பயிற்சி பெற்றவன் நான். என் வகுப்பில் தமிழ் ஒலிக்காது. இதே வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் பிற்காலத்தில் ஆங்கில நாவன்மையால் உலகெங்கும் 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று பெயரெடுத்தார். நம் மண்ணுக்கு ஆங்கிலம் அந்நியமில்லை. 'ரைஸ்' என்ற சொல்லே நம் 'அரிசி'யிலிருந்து போனதுதானே.

என் அனுபவமும் ஒன்று உண்டு. பணியில் இருந்தபோது ஒரு கருத்தரங்கில் இதையே கட்டுரையாக வாசித்தேன், ஆங்கில வகுப்பில் தாய்மொழி அறவே கூடாது என்று. கேள்வி நேரத்தில் ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். கைக்குழந்தையோடு வந்திருந்தார். "ஐயா, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால் எந்த மொழியில் சொல்லும்?" என்று கேட்டார். நான், "ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கியிருப்பேன்" என்றேன். கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் பிற்பகல் முழுவதும் மேசையில் தலை கவிழ்ந்து படுத்திருந்ததும், கேட்டபோது 'நத்திங் சார்' என்று சொன்னதும், மாலையில் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. குடல்வால். பையன் பிழைத்துக்கொண்டான்.

என் கொள்கையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த அம்மையாரின் முகம் மறக்கவில்லை என்பதற்காக எழுதினேன்.

திருத்துறைப்பூண்டி

மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பேப்பர் என்னோடது. அறையில நாலு பேர். அதுல மூணு பேர் அடுத்து வாசிக்கறவங்க, தங்களோட தாளைப் புரட்டிக்கிட்டிருந்தாங்க. நாலாவது ஆள் மைக்செட்காரர்.

நான் பேசினது 'வீ'ங்கற சொல்லைப் பத்தி. நமக்கு நாம், நாங்கள்னு ரெண்டு இருக்கு, கேக்கறவரையும் சேத்தா நாம், விட்டுட்டா நாங்கள். ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே 'வீ'. தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்துல பேசும்போது இந்த இடத்துல ஒரு தயக்கம் வருது, அந்தத் தயக்கத்தைப் பாடமா மாத்தலாம்னு சொன்னேன். எத்தனையாவதுங்கற சொல்லையும் தொட்டேன், அப்பாவுக்கு நீ எத்தனையாவது புள்ளைன்னு ஆங்கிலத்துல நேராக் கேக்க முடியாதுங்கறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

முடிச்சுட்டு ஒயரைத் தாண்டி வரும்போது மைக்செட்காரர் கையைப் புடிச்சார். "சார், அப்ப இங்கிலீஷ்காரன் வீட்டுல 'வீ' சாப்டப் போறோம்னு ஒருத்தர் சொன்னா, கேக்கறவன் எலை போடுறாங்கன்னு எந்திரிக்கறதா, உக்காந்தே இருக்கறதா?"

நாலு மாசம் உழைச்சு எழுதின பேப்பர்ல இவ்வளவு நல்ல உதாரணம் எனக்குத் தோணலை. சர்ட்டிபிகேட்ல என் இனிஷியலைத் தப்பா அடிச்சிருந்தாங்க, மாத்தக்கூட கேக்கலை, அந்தக் கேள்வியோடயே பஸ் ஏறிட்டேன். அவர் பேரைக் கேட்டுக்காம வந்ததுதான் இன்னும் மனசை அரிக்குது.

கும்பகோணம் விரிவுரையாளர்

முதல் முறை வாசிக்கப் போனப்ப நாப்பத்தேழு ஸ்லைடு வச்சிருந்தேன். ஒன்பதாவது ஸ்லைடுல மணி. கண்டுபிடிச்சதைச் சொல்லாமலே இறங்கினேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனா இங்க எழுதறவங்க நிறைய பேர் பள்ளி ஆசிரியர்கள், முதல் தடவை வாசிக்கப் போறவங்களும் இருப்பீங்க, அதனால சில விஷயம் சொல்லிடுறேன். பத்து நிமிஷம் கொடுத்தா எட்டு நிமிஷத்துக்குத் தயார் பண்ணுங்க. நீங்க கண்டுபிடிச்சதை முதல் நிமிஷத்துலயே சொல்லிடுங்க, பின்னணி அப்புறம். தொடக்கத்துல மொழி கற்பித்தல் வரலாறு வேண்டவே வேண்டாம், அங்க உக்காந்திருக்கறவங்க எல்லாம் அதைப் பரீட்சைக்கு எழுதினவங்க. ஸ்லைடைப் பாத்து வாசிக்காதீங்க. ஒரு ஸ்லைடுல ஆறு வரிக்கு மேல போனா பின்வரிசைக்குத் தெரியாது. பென் டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு, கையில தாள்ல ஒண்ணுன்னு மூணு இடத்துல வச்சுக்குங்க. தமிழ் எழுத்து இருந்தா பி.டி.எஃப்.பா மாத்தி எடுத்துப் போங்க, இல்லாட்டி அங்கத்த கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரும். கரண்ட் போனா சாக்பீஸோட பேசத் தயாரா இருங்க.

அப்ஸ்ட்ராக்ட்ல 'முயற்சி செய்யப்படும்', 'ஆராயப்படும்'னு எழுதாதீங்க. எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரம், என்ன செஞ்சீங்க, என்ன நடந்துச்சு. எந்தத் தேர்வுக் குழுவுக்கும் இது போதும். கேள்வி நேரத்துல பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. பேரளம் சார் பண்ணின மாதிரி ஒத்துக்காததை ஒத்துக்கிட்டு இறங்காதீங்க.

முக்கியமா, பிள்ளைகளோட நோட்டைக் காட்டறதுன்னா பேரை அழிச்சா மட்டும் போதாது. பிள்ளைகிட்டயும் பெற்றோர்கிட்டயும் கேக்கணும், தலைமையாசிரியர்கிட்ட சொல்லணும். கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துடும், அதனால தட்டச்சு பண்ணிப் போடுறது நல்லது. நீடாமங்கலம் மேடம் வருத்தப்படுறதுக்கே இது நடந்திருந்தா இடம் இருந்திருக்காது. பணம் கட்டினா எதையும் போடுற சஞ்சிகைகள்கிட்ட ஜாக்கிரதை. நல்ல கூட்டம் வேணும்னா 1974ல ஆரம்பிச்ச எல்டாய் மாதிரி ஆசிரியர் சங்கத்துல உறுப்பினராகுங்க, பள்ளி ஆசிரியர்களுக்கும் அங்க இடம் உண்டு.

தஞ்சை மேலவீதி

சார், நல்ல யோசனைங்கதான், எடுத்து வச்சுக்கறேன். ஆனா கையெழுத்தைத் தட்டச்சு பண்ணிப் போட்டிருந்தா அந்தத் தாள்ல இருந்த ஓட்டை தெரிஞ்சிருக்காதே. டீச்சர் சொல்றதே அந்த ஓட்டையைப் பத்தித்தானே.

நாகப்பட்டினம், ஆய்வு மாணவர்

ரெண்டு திருத்தம், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம்.

வலங்கைமான் ஐயா, அரிசியில இருந்துதான் 'ரைஸ்' போச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. கிரேக்கத்துல 'ஒரைசா'ன்னு இருந்தது லத்தீன், பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தது வரைக்கும் தெளிவு. கிரேக்கத்துக்கு எங்கிருந்து போச்சுங்கறதுல அறிஞர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்லை. 'பேடி' மலாய் மொழி 'பாடி'யில இருந்து வந்தது, அது நிச்சயம். அப்புறம் சாஸ்திரியாரைச் சொன்னீங்க. உங்க ஊருக்குப் பக்கத்துக் கும்பகோணத்துல, அரசுக் கல்லூரியில 1904ல உதவித்தொகையோட சேந்த ராமானுஜன், கணக்கைத் தவிர ஆங்கிலம் உள்ளிட்ட மத்த பாடங்கள்ல தேறாம அந்த உதவித்தொகையை இழந்தார். நம்ம மண்ணுக்கு ஆங்கிலம் எப்படி வந்துச்சுன்னு பேசும்போது ரெண்டு பேரையும் சேத்துத்தான் பேசணும்.

பேரளம் சார், உங்க பாடம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அதைப் பிரபுவோட முறைன்னு சொல்றதுல ஒரு சிக்கல். அவர் குழு வேலையை ஊக்குவிக்கலை. பிள்ளைகள் தங்களுக்குள்ளயே பேசிக்கிட்டா ஒருத்தரோட தப்பு இன்னொருத்தர்கிட்ட உறுதிப்படும்னு நினைச்சார். முதல்ல ஆசிரியர் மொத்த வகுப்போடயும் ஒரு வேலையைச் செய்வார், அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணைப் பிள்ளைகள் தனியாச் செய்வாங்க. இலக்கணத்தைப் பத்தி அவர் சொன்னதைத்தான் நீங்க அந்தச் சேர்ல இருந்தவருக்குச் சொல்லியிருக்கணும். பிள்ளையோட கவனம் பொருள் மேல இருக்கும்போதுதான் இலக்கணம் நல்லா உள்ள இறங்கும்ங்கறதுதான் அந்தத் திட்டத்தோட அடிப்படையே.

என் அனுபவம்னு சொல்ல ஒண்ணுமில்லை. இதுவரைக்கும் மூணு கருத்தரங்குல வாசிச்சிருக்கேன், மூணுலயும் யாரும் கேள்வி கேக்கலை. அதுவே என் மனசுல நிக்குது.

பேரளம் பட்டதாரி ஆசிரியர்

தம்பி, குழு வேலையைப் பத்திச் சொன்னது சரி, என் பேப்பர்லயும் தப்பா எழுதிட்டேன், திருத்திக்கறேன். ஆனா நாப்பத்திரண்டு பேர் வகுப்புல தனித்தனியாச் செய்ய வச்சா முப்பது பேர் வெறும் தாளை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். பாட்டி வண்டியைத் தவற விட்டுடுவாங்களோங்கற கவலை எல்லாருக்கும் வந்தது அந்தச் சண்டையாலதான். ஐயா, அது தமிழ்ச் சண்டைதான். ஆனா அட்டவணை ஆங்கிலத்துல, விடை ஆங்கிலத்துல. நடுவுல யோசிச்சது தமிழ்ல. அதைத் தடுத்திருந்தா பாட்டி நன்னிலத்துலயே நின்னிருப்பாங்க.

கிராமர் எங்கன்னு அடுத்த தடவை யாராவது கேட்டா பதில் கிடைச்சிடுச்சு. நன்றி.

வேதாரண்யம்

2018 நவம்பர் கஜா புயலுக்கு அப்புறம் பள்ளி திறந்து, பசங்களை ஆங்கிலத்துல எழுதச் சொன்னதைத் தொகுத்துப் பேப்பரா வாசிச்சேன். ஒரு பையன் எழுதினது, 'அவர் ஹவுஸ் ஹேஸ் நோ கோகனட் ட்ரீ. ஸோ மெனி ஸ்கை.' அந்த 'மெனி' பிழைன்னு எனக்கும் தெரியும். தோப்புக்குள்ள பொறந்த புள்ளை, அன்னிக்குத்தான் முதல் தடவையா தலைக்கு மேல அவ்வளவு வானத்தைப் பாத்திருக்கான். கேள்வி நேரத்துல ஒருத்தர், மாதிரி அளவு எவ்வளவு, புள்ளியியல் சோதனை என்ன பண்ணினீங்கன்னு கேட்டார். கேக்க வேண்டிய கேள்விதான். என்னால வாயைத் திறந்து பதில் சொல்ல முடியலை, தொண்டை அடைச்சிடுச்சு. சேர்ல இருந்த அம்மா தண்ணி பாட்டிலைத் திறந்து கையில கொடுத்தாங்க.

ஆடுதுறை

நான் ஆங்கில ஆசிரியன் இல்லை. வீட்டம்மா ஆசிரியை. கருத்தரங்குக்கு அவங்களை வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு, வெயிலுக்குப் பின்வரிசையில உக்காந்திருக்கறது என் வழக்கம். நீடாமங்கலம் டீச்சரோட அந்தக் கூட்டத்துல நான் இல்லை, இருந்திருந்தா எழுந்து சொல்லியிருப்பேன். அதை இங்க சொல்லிடுறேன்.

எங்க ஊர்ல 1922ல ஆரம்பிச்ச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அதனால பயிர் சமாச்சாரம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். பயிர் படுத்துக்கறதுக்கு ஆங்கிலத்துல 'லாட்ஜிங்'னு பேர். 'தி கிராப் ஹேஸ் லாட்ஜ்ட்'னுதான் வேளாண்மைக்காரங்க எழுதுவாங்க. தண்டு உயரமா, இளசா இருந்து, யூரியா அதிகமாப் போயி, கதிர்ல பால் கட்டி கனம் ஏறின நேரத்துல காத்தும் மழையும் சேந்தா சாஞ்சிடும். சாஞ்ச கதிர் தண்ணியில கெடந்தா ரெண்டு மூணு நாள்ல முளை விட்டுடும். அப்புறம் அதை அறுத்துக் காயவச்சுக் கொண்டு போனாலும் கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல இருந்தா எடுக்க யோசிப்பாங்க. அந்த அப்பா தூங்காததுக்கு இவ்வளவு இருக்கு.

அந்த 'லாட்ஜ்'ங்கற சொல்லுக்கு இன்னொரு பொருள் என்ன? ராத்தங்கறது. ஊருக்கு ஊர் போர்டு மாட்டி வச்சிருக்கோமே, அதே லாட்ஜ்தான். ஆங்கிலக்காரன் பயிர் தங்கிடுச்சுன்னான், நாம படுத்துருச்சுங்கறோம், அந்தப் பொண்ணு தூங்கிடுச்சுன்னு எழுதியிருக்கு. பொண்ணு ரொம்ப தூரம் போயிடலை.

கும்பகோணம் விரிவுரையாளர்

இருபது வருஷமா ஆங்கில இலக்கியம் நடத்தறேன். 'லாட்ஜ்'க்குப் பயிர் சாயற பொருள் இருக்குங்கறது வகுப்புல என் வாயால வந்ததே இல்லை. நன்றி ஐயா.

வலங்கைமான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

ஆடுதுறை அன்பருக்கு வணக்கம். 'ஹேஸ் லாட்ஜ்ட்' என்பதில் உள்ள 'ஹேஸ்' முக்கியம் என்பதையும் ஆசிரியை அந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டும். அரிசி பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

நீடாமங்கலம் டீச்சர்

எல்லாத்தையும் படிச்சேன். ஆடுதுறை ஐயா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்.

அந்தப் பொண்ணு இப்ப பெரிய வகுப்புக்குப் போயிட்டா, அதே பள்ளிதான். நேத்து காலையில பிரேயர் முடிஞ்சதும் கூப்பிட்டேன். வராந்தாவுல நின்னுக்கிட்டு முழுக்கச் சொன்னேன். உன் நோட்டை எடுத்துட்டுப் போனேன், உன்னைக் கேக்கலை, அங்க இருந்தவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்னு எல்லாத்தையும் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டா. 'லாட்ஜ்ட்'னு அவ நோட்டுல எழுதிக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டுல இருக்கே அந்த லாட்ஜா டீச்சர்னு கேட்டா. ஆமான்னேன். வாய்க்குள்ளயே ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டா. 'பேடி'யும் எழுதிக் கொடுத்தேன். அது தெரியும் டீச்சர், அப்பா வாங்குற மருந்து டப்பாவுல போட்டிருக்குன்னா. மூணு வருஷமா அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் கேட்டதில்லை.

அந்தப் படத்தை போன்ல காட்டச் சொன்னா. காட்டினேன். ரெண்டு விரலால பெருசாக்கி அந்த ஓட்டையைப் பாத்தா. அப்புறம் மேல நகர்த்தி, நான் வெள்ளை அடிச்சு மறைச்சிருந்த இடத்துல விரலை வச்சா.

"ஏன் டீச்சர் எம் பேர அழிச்சிட்டீங்க?"

விரிவுரையாளர் சார் சொன்ன காரணம் எல்லாம் எனக்குத் தெரியும். அவகிட்ட அதைச் சொல்ல முடியலை. பெல் அடிச்சிடுச்சு, ஓடிட்டா. நாளைக்கு அந்த வகுப்புக்கு மூணாவது பீரியட் எனக்கு.